ஜோசப் மார்ட்டின் கிரவுஸ்: ‘ஸ்வீடனின் மொசார்ட்’ என்று அழைப்பது நியாயமா?

முகிலன்_நெல்லை:

1756-ல் பிறந்த இசையமைப்பாளர் யார் என்று கேட்டால் எல்லோரும் மொசார்ட் என்பார்கள். அதே வருஷம் ஜூன் 20 அன்று, ஜெர்மனியில் மைன் நதிக்கரையில் உள்ள மில்டன்பெர்க் என்ற சின்ன ஊரில் இன்னொருவர் பிறந்தார். ஜோசப் மார்ட்டின் கிரவுஸ். மொசார்ட் இறந்து ஒரு வருஷமும் பத்து நாளும் ஆன பிறகு, 1792 டிசம்பர் 15 அன்று, ஸ்டாக்ஹோமில் காசநோயால் இறந்தார். வயது 36 தான்.

பிறந்த வருஷம் ஒன்று, இறந்ததும் கிட்டத்தட்ட ஒரே சமயம், இருவருக்கும் அற்ப ஆயுசு. இது போதும் என்று ‘ஸ்வீடனின் மொசார்ட்’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அந்தப் பட்டம்தான் அவருக்கு இன்றுவரை பெரிய தடை என்று நினைக்கிறேன். மொசார்ட்டின் மெட்டுகளை எதிர்பார்த்து உட்காருகிறவர் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார். கிரவுஸ் நடந்தது, ஒபேரா (பாட்டாலேயே நடக்கும் இசை நாடகம்) எழுதிய க்ளூக் என்ற மூத்த இசையமைப்பாளரின் பாதையில். பாடகரின் சாகசத்தைவிடக் கதையின் கனம் முக்கியம், அலங்காரத்தைவிட ஒரே ஒரு சரியான சுரம் முக்கியம் என்ற பாதை அது.

அவர் வளர்ந்த விதத்தைப் பார்த்தாலே இது புரியும். சிறு வயதில் குடும்பம் பூஹன் என்ற ஊருக்குக் குடிபோனது. 12 வயதில் மான்ஹைமில் ஜேசு சபையின் பள்ளியில் சேர்ந்தார். அன்றைய ஐரோப்பாவில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் மான்ஹைம்தான். மெல்லத் தொடங்கிப் படிப்படியாகப் பெருகும் அவர்களுடைய வாசிப்பைக் கேட்கவே வெளியூர்களிலிருந்து ஆள் வருவார்கள். 1773-ல் ஜேசு சபை கலைக்கப்பட்டதும் மைன்ஸில் சட்டம் படிக்கப் போனார், பிறகு எர்ஃபுர்ட். அப்பா மேல் ஒரு வழக்கு வந்ததால் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். அந்த இடைவெளியில் ‘டோலோன்’ என்று ஒரு சோக நாடகம் எழுதினார். ஒரு ரெக்வியமும் (இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசை) அந்த நாட்களில் எழுதியதுதான். வயது இருபதுகூட ஆகவில்லை. அப்புறம் கோட்டிங்கன் போய், அங்கே இளம் கவிஞர் வட்டத்தோடு பழகி, இசையைப் பற்றிக் காரசாரமாக ஒரு சிறு நூலும் வெளியிட்டார். நாடகம், கவிதை, வாதம் மூன்றும் ஊறிய ஆள். ஆறு வயதில் அரசவைகளில் வாசித்து வளர்ந்த மொசார்ட்டோடு இவரை எப்படி ஒப்பிடுவது?

நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கலைவாணி_ஆர்:

நல்ல இழை தொடங்கியிருக்கிறீர்கள். எனக்கு அவருடைய சி மைனர் சிம்பொனி ஒன்றுதான் தெரியும். அதுவும் வேறு எதையோ தேடியபோது கிடைத்தது. ஜெர்மன்காரர், அங்கேயே வியன்னா, பெர்லின், டிரெஸ்டன் எல்லாம் இருக்கும்போது ஏன் ஸ்வீடன் போனார்? யாராவது சொல்லுங்களேன்.

பழைய_இசைத்தட்டு:

கோட்டிங்கனில் அவரோடு படித்த கார்ல் ஸ்ட்ரிட்ஸ்பெர்க் என்ற ஸ்வீடன் மாணவர்தான் காரணம். எங்கள் மன்னர் குஸ்டாவ் கலைக்கு அள்ளிக் கொடுக்கிறார், வா என்று கூப்பிட்டார். கிரவுஸ் 1778-ல் கிளம்பிப் போனார்.

மன்னர் மூன்றாம் குஸ்டாவ் உண்மையிலேயே நாடகப் பைத்தியம். தானே நாடகம் எழுதுவார், தானே நடிப்பார். ஸ்வீடிஷ் மொழியில் ஒபேரா வேண்டும் என்று பணத்தைக் கொட்டியவர். ஆனால் வந்தவுடன் யாரும் கிரவுஸுக்குக் கதவைத் திறக்கவில்லை. ‘அஸீர்’ என்று ஒரு ஒபேரா எழுதிக் கொடுத்தார், இசை அகாடமி நிராகரித்தது. ஏறக்குறைய மூன்று வருஷம் வறுமையில் ஓடியது. பிறகு மன்னரே கதையை வரைந்து, கவிஞர் கெல்கிரன் செய்யுளாக்கிய ‘ப்ரோசர்பின்’ கையில் வந்தது. 1781 ஜூனில் உல்ரிக்ஸ்டால் அரண்மனையில் மன்னர் முன்னிலையில் நடந்தது. அதோடு தலைவிதி மாறியது. துணை இசை இயக்குநர் பதவி கிடைத்தது. மன்னர் செலவில் ஐரோப்பா முழுக்கச் சுற்றி, எங்கே எப்படி ஒபேரா நடக்கிறது என்று பார்த்து வரும் வாய்ப்பும் வந்தது. 1782 முதல் 1787 வரை அந்தப் பயணம்.

இருபத்திரண்டு வயதில், மொழி தெரியாத நாட்டில், கையில் காசில்லாமல், ஊருக்குத் திரும்பாமல் மூன்று வருஷம் நின்றார் பாருங்கள். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

தாளகேசரி:

முகிலன் ஐயா, பட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்க முடியவில்லை. மொசார்ட் பெயர் ஒட்டியிருப்பதால்தான் நூற்றில் ஒருவராவது தட்டை எடுத்துக் கேட்கிறார். வெறும் கிரவுஸ் என்று போட்டால் யார் கேட்பார்கள்? பட்டம் தப்பாகவே இருக்கட்டும், கதவைத் திறந்துவிட்டால் போதாதா?

இன்னொன்று. மொசார்ட்டோடு சம்பந்தமே இல்லாதது போலச் சொல்கிறீர்கள். 1789-ல் ஸ்டாக்ஹோமில் நாடாளுமன்றம் கூடியபோது கிரவுஸ் ஒரு அணிவகுப்பு இசை தந்தார். அது மொசார்ட்டின் ‘இடோமெனியோ’ ஒபேராவில் வரும் அணிவகுப்பை அடிப்படையாகக் கொண்டது. அவருக்கு மொசார்ட்டை நன்றாகத் தெரியும், மதித்தார். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முகிலன்_நெல்லை:

தாளகேசரி, அந்த அணிவகுப்பு உண்மைதான். ஆனால் அவர் மொசார்ட்டின் எந்த ஒபேராவிலிருந்து எடுத்தார் என்று பாருங்கள். க்ளூக்கின் நிழல் அதிகம் விழுந்த ‘இடோமெனியோ’விலிருந்து! என் வாதத்துக்கு நீங்களே சாட்சி கொடுத்துவிட்டீர்கள்.

1783-ல் வியன்னா போனதும் அவர் ஆர்வத்தோடு தேடிப் போனது க்ளூக்கை. கிழவர் அப்போது உடல்நலம் குன்றி வீட்டோடு இருந்தார். இளைஞனின் இசையை மெச்சினார். சி மைனர் சிம்பொனியின் மெதுவான தொடக்கத்தைக் கேளுங்கள், அப்புறம் க்ளூக்கின் ‘ஆலிஸில் இஃபிஜீனியா’ முன்னிசையைக் கேளுங்கள். சுரங்கள் ஒன்றோடொன்று உரசி நின்று, இறங்கி, மறுபடி உரசும் அந்த வலி இரண்டிலும் ஒரே குடும்பம். குருவுக்குச் சீடன் வெளிப்படையாகச் செய்த வணக்கம் அது.

கலைவாணி_ஆர்:

இப்போதுதான் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். நீங்கள் சொன்னது நன்றாகவே கேட்கிறது. முதல் அரை நிமிஷம் கிரவுஸுடையதா க்ளூக்குடையதா என்று தடுமாறினேன். ஆனால் வேகப் பகுதி தொடங்கியதும் கிரவுஸ் தனியாகத் தெரிகிறார். ஒரு படபடப்பு இருக்கிறது. மெட்டு முழுசாக முடிவதற்குள் அடுத்தது இடித்துக்கொண்டு வருகிறது.

வயோலா_சுதா:

பட்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவருடைய சொந்தப் பெயரே அவர் படைப்புகள் மேல் ஒட்டாமல் போன கதையை நான் சொல்கிறேன்.

வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்கிறவர்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் நல்ல கான்செர்ட்டோ (ஒரு வாத்தியம் முன்நிற்க, ஆர்க்கெஸ்ட்ரா துணைக்கு வாசிக்கும் படைப்பு) கிடைப்பது அரிது. ஸ்டாமிட்ஸ், ஹோஃப்மைஸ்டர் என்று அதையே திரும்பத் திரும்ப வாசிப்போம். அந்த வரிசையில் ரோமன் ஹோஃப்ஸ்டெட்டர் என்ற பாதிரியார் பெயரில் மூன்று கான்செர்ட்டோக்கள் உண்டு. ஒன்றில் வயோலாவோடு செல்லோவும் சேரும். அவை கிரவுஸுடையவை என்று பிற்காலத்தில்தான் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். ஹோஃப்ஸ்டெட்டர் இருந்த அமோர்பாக் மடம், கிரவுஸ் பிறந்த மில்டன்பெர்க்குக்குப் பக்கத்து ஊர். இருவருக்கும் பழக்கமும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால் இதே ஹோஃப்ஸ்டெட்டருடையவை என்று இன்று பலரும் கருதும் குவார்ட்டெட்டுகள் (நாலு வாத்தியங்களுக்கான படைப்புகள்) நெடுங்காலம் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஹைடன் பெயரில் உலவின. எல்லோருக்கும் தெரிந்த அந்த ‘செரனேட்’ அதில்தான் வருகிறது. கிரவுஸின் டி மேஜர் சிம்பொனி ஒன்றோ பாரீஸில் காம்பீனி என்ற இன்னொரு இசையமைப்பாளரின் பெயரில் அச்சானது. அன்றைய பதிப்பாளர்களுக்கு விற்கிற பெயர்தான் முக்கியம். ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கும் ஒருவரின் பெயர் பாரீஸ் கடையில் என்ன விலை போகும்?

அதனால் தாளகேசரி அண்ணா, இன்னொருவர் பெயரைச் சொல்லி இவரை விற்பதில் எனக்குக் கொஞ்சம் மனம் ஒப்பவில்லை. இருநூறு வருஷமாக நடந்தது அதுதானே.

தாளகேசரி:

சுதா, இந்த ஹோஃப்ஸ்டெட்டர் விஷயம் பிரமாதம். பட்டம் பற்றி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது, ஆனால் உங்கள் வருத்தம் புரிகிறது.

சரி, ஹைடன் விஷயத்துக்கு வருவோம். கிரவுஸ் பற்றி எழுதுகிற எல்லோரும், ‘நான் சந்தித்த முதல் மேதை அவர்தான்’ என்று ஹைடன் சொன்னதாக எடுத்துக்காட்டுகிறார்கள். அது நமக்கு எப்படி வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. கிரவுஸ் இறந்து சில வருஷம் கழித்து, 1797-ல், வியன்னாவில் இருந்த ஸ்வீடன் தூதரக அதிகாரி சில்வர்ஸ்டோல்பெயிடம் ஹைடன் சொன்னதாக வருகிறது. சில்வர்ஸ்டோல்பெ கிரவுஸின் தீவிர அபிமானி. பின்னால் 1833-ல் அவரைப் பற்றி வாழ்க்கை வரலாறே எழுதியவர். பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் மறைந்த நண்பரைப் பற்றி ஆவலோடு கேட்கும்போது யாராக இருந்தாலும் ஒரு படி கூட்டித்தான் சொல்வார்கள். அந்த மேற்கோளை வைத்துக் கிரவுஸுக்கு எடை போடக் கூடாது.

பழைய_இசைத்தட்டு:

நியாயமான எச்சரிக்கை. ஆனாலும் சில்வர்ஸ்டோல்பெயைக் குறைத்துவிடாதீர்கள். அவர் தேடித் தேடிச் சேர்த்துவைத்த கைப்பிரதிகள் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனதால்தான் இன்று நமக்குக் கிரவுஸ் இருக்கிறார். இல்லாவிட்டால் ‘அஸீர்’ ஒபேராவுக்கு ஆன கதிதான் எல்லாவற்றுக்கும். அதில் நடனத்துக்கு எழுதிய சில துண்டுகள்தான் மிஞ்சின.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஆய்வாளர் பெர்டில் வான் போயர் முழுப் பட்டியல் தயாரித்தார். தட்டுகளில் வி.பி. என்று எண் வருகிறதே, அது அவருடைய வரிசை. பெயர் மாறிப் போன படைப்புகளைச் சொந்தக்காரரிடம் சேர்ப்பதில் அவர் உழைப்பு பெரியது. கிரவுஸ் வளர்ந்த பூஹனில் 1982 முதல் அவர் பெயரில் ஒரு சங்கமும் இயங்குகிறது.

செங்காந்தள்:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், ஒரு கேள்வி. சி ஷார்ப் மைனரில் ஒரு சிம்பொனி எழுதினார் என்கிறார்களே, அதுவும் இந்த சி மைனரும் ஒன்றா?

முகிலன்_நெல்லை:

ஒன்றே என்றும் சொல்லலாம், இரண்டு என்றும் சொல்லலாம் செங்காந்தள். சி ஷார்ப் மைனர் (வி.பி. 140) முதலில் எழுதியது. அந்தக் காலத்தில் அந்தச் சுருதியில் சிம்பொனி எழுதுவது அபூர்வத்திலும் அபூர்வம். அன்றைய ஹார்னுக்கு (பித்தளை ஊதுகுழல்) இன்றுள்ளது போல வால்வு கிடையாது. குழலுக்கு இயல்பாக வரும் சுரங்கள்தான் வாசிக்க முடியும். நாலு ஷார்ப் உள்ள மைனரில் ஹார்ன்காரர் என்ன செய்வார்? தந்தி வாத்தியக்காரர்களுக்கும் திறந்த தந்திகள் அவ்வளவாக உதவாது. ஹைடன் 1772-ல் ‘விடைபெறல்’ சிம்பொனியை எஃப் ஷார்ப் மைனரில் எழுதியதையே துணிச்சல் என்கிறோம், இது அதற்குத் தம்பி.

வியன்னாவில் அதையே எடுத்து அரை சுரம் இறக்கி, சி மைனரில் மறுபடி வார்த்தார் (வி.பி. 142). இடையில் இருந்த மினுவெட்டை (நடன நடையில் வரும் பகுதி) எடுத்துவிட்டார். நாலு பகுதி மூன்றாக இறுகியது. ஓபோக்கள் (மரக்குழல் வாத்தியங்கள்) வந்ததால் ஒலி இருண்டு கனத்தது. எஸ்டர்ஹாஸி அரண்மனைக்குப் போய் ஹைடனைச் சந்தித்தது இதே காலத்தில்தான்.

என்னைக் கேட்டால் சி மைனர் வடிவமே உயர்ந்தது. அதில் ஒரு சுரம்கூட வீணாக இல்லை.

வயோலா_சுதா:

நான் மாற்றிச் சொல்வேன். சி ஷார்ப் மைனரில் வாசிக்கும்போது திறந்த தந்தியின் பளீர் ஒலி இல்லாததால் முழு வாத்தியமும் மங்கி, திரை போட்டது போல ஒரு ஒலி வரும். கேட்கிறவர்களைவிட வாசிக்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். மினுவெட்டும் நல்ல மினுவெட்டுதான். சி மைனர் கட்டுக்கோப்பானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விநோதம் முழுக்க முதல் வடிவத்தில் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை.

கலைவாணி_ஆர்:

அந்த நீண்ட பயணம் முடிந்து திரும்பியதும் என்ன ஆயிற்று? ஒபேராதான் அவர் உயிர் என்கிறீர்கள், பெரிய ஒபேரா ஏதாவது உண்டா?

பழைய_இசைத்தட்டு:

உண்டு, ஆனால் அது மேடையேறியதை அவர் பார்க்கவில்லை. ‘கார்த்தேஜில் ஏனியஸ்’. அரசி டைடோ, அவளைக் கைவிட்டுப் போகும் வீரன் ஏனியஸ் கதை, கெல்கிரனின் வரிகள், ஒரு முன்னுரையும் ஐந்து அங்கங்களும். மன்னர் கட்டிய புதிய ஒபேரா அரங்கின் திறப்பு விழாவுக்கு இதைத்தான் நினைத்திருந்தார்கள். முக்கியப் பாடகி கரோலின் மியூலர் கடன் தொல்லையால் கணவரோடு நாட்டைவிட்டே ஓடிவிட்டார். டைடோ இல்லாமல் டைடோ கதையை எப்படி நடத்துவது? 1782 செப்டம்பர் 30 அன்று நௌமானின் ‘கோராவும் அலோன்சோவும்’ ஒபேராவோடு அரங்கம் திறந்தது. கிரவுஸ் அதன் பிறகு வருஷக்கணக்கில் திருத்தி எழுதிக்கொண்டே இருந்தார். முதல் மேடையேற்றம் 1799-ல். அவர் இறந்து ஏழு வருஷம்.

நடுவில் இன்னொரு தலைவலி. அவர் பாரீஸில் இருந்தபோது ஸ்டாக்ஹோமில் அபே ஃபோக்லர் என்ற இன்னொரு இசையமைப்பாளரைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பினால் நாற்காலி இருக்குமா என்பதே தெரியாத நிலை. 1787-ல் திரும்பி, அடுத்த வருஷம் முதன்மை அரசவை இசை இயக்குநரானார்.

முகிலன்_நெல்லை:

இப்போது நான் இழை தொடங்கியதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். 1789 நாடாளுமன்றத்தைத் தாளகேசரி குறிப்பிட்டார். அதே கூட்டத்துக்காகக் கிரவுஸ் ‘தேவாலயத்துக்கான சிம்பொனி’யும் எழுதினார். மெதுவான தொடக்கம், பிறகு ஒரு ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் வடிவம்). கம்பீரமான இசை. அந்தக் கூட்டத்தில் குஸ்டாவ் என்ன செய்தார்? ரஷ்யாவோடு நடந்த போரைச் சாக்காக வைத்து, பிரபுக்களின் உரிமைகளை வெட்டி, அதிகாரத்தைத் தன் கையில் குவித்துக்கொண்டார். பிரபுக்கள் அதை மறக்கவில்லை. 1792 மார்ச் 16 இரவு, அதே ஒபேரா அரங்கில் நடந்த முகமூடி நடனத்தில், ஆங்கர்ஸ்ட்ரோம் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி மன்னரின் முதுகுப் பக்கம் சுட்டார். மார்ச் 29 அன்று மன்னர் இறந்தார். (வெர்டி பின்னால் ‘முகமூடி நடனம்’ எழுதியது இந்தக் கதையிலிருந்துதான்.)

அரசியல் வெற்றிக்கு இசை எழுதிய அதே கை, அந்த வெற்றி கொண்டுவந்த மரணத்துக்கும் எழுதியது. ஏப்ரலில் ‘துக்க சிம்பொனி’, மே 14 அன்று ரிட்டார்ஹோல்ம் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு கான்டாட்டா (பாடகர்களும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேரும் படைப்பு). அதற்குள் கிரவுஸுக்கே நோய் முற்றத் தொடங்கியிருந்தது.

துக்க சிம்பொனி நாலு பகுதி. நாலுமே மெதுவானவை, வேகப் பகுதி ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலத்துச் சிம்பொனி இலக்கணத்தில் இது கேள்விப்படாதது. ஒலி அடக்கிய டிம்பனி (பெரிய முரசு) மட்டும் தனியாகத் தொடங்கும். மெட்டு இல்லை, சுருதி விரிவு இல்லை, அடி மட்டும். நடுவில் ஸ்வீடன் மக்கள் அடக்கத்தின்போது பாடும் தேவாலயப் பாட்டை அப்படியே எளிமையாக வைக்கிறார். கடைசியில் மறுபடி அந்த டிம்பனி. மன்னரைப் புகழ்ந்து எக்காளம் ஊத எல்லா வசதியும் இருந்தது. அவர் ஊதவில்லை. மேடையில் எதை எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த நாடகக்காரர் செய்கிற வேலை இது. இங்கே மொசார்ட்டைக் கொண்டுவந்து எங்கே வைப்பீர்கள்?

தாளகேசரி:

மிருதங்கம் வாசிக்கிறவன் என்ற முறையில் அந்தத் தொடக்கம் எனக்கும் உலுக்கலாகத்தான் இருந்தது. அடிகளுக்கு இடையே விடுகிற இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. நடத்துநர் அவசரப்பட்டால் கெட்டுவிடும். நான் கேட்ட இரண்டு பதிவுகளில் ஒன்று அப்படித்தான் கெட்டது.

ஆனால் ஒரு மறுப்பு. துக்க சிம்பொனியை மட்டும் வைத்து அவரை ‘இருட்டின் இசையமைப்பாளர்’ ஆக்கிவிடாதீர்கள். டி மேஜர் புல்லாங்குழல் குவின்டெட் (ஐந்து வாத்தியங்களுக்கான படைப்பு) கேளுங்கள், முதல் பகுதி அவ்வளவு நீளம், அவ்வளவு வெளிச்சம். ‘சோலிமான்’, ‘மீனவர்கள்’ இரண்டுக்கும் எழுதிய நடன இசை துள்ளும். கட்டடக் கலைஞர் எரிக் பாம்ஸ்டெட் வீட்டில் கூடிய வட்டத்தில் அவரும் ஒருவர். பெல்மான் போன்ற பாட்டுக்காரக் கவிஞர்களோடு பழகியவர். சிரிக்கத் தெரிந்த மனிதர்.

வயோலா_சுதா:

ஆமாம், வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலும் அது தெரிகிறது. அவருடைய தங்கை மரியானே ஓவியர். 1791-ல் இத்தாலி போய்ப் பயண நாட்குறிப்பு எழுதியவர். கலை அந்தக் குடும்பத்திலேயே ஓடியிருக்கிறது.

செங்காந்தள்:

அவருடைய கல்லறை எங்கே இருக்கிறது?

பழைய_இசைத்தட்டு:

ஸ்டாக்ஹோமுக்கு வெளியே, புருன்ஸ்வீகன் ஏரிக்கரையில் டிவோலி என்ற இடத்தில். டிசம்பர் மாதம், ஏரி உறைந்திருந்தது. தீப்பந்த வெளிச்சத்தில் பனிக்கட்டி மேலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ‘கிரவுஸின் மண்ணுடல் இங்கே, விண்ணுக்குரியது அவர் இசையில் வாழ்கிறது’ என்ற பொருளில் கல்லில் எழுதியிருக்கிறது.

கலைவாணி_ஆர்:

புதிதாகக் கேட்பவர்கள் எந்த வரிசையில் போகலாம்? பதிவுகளும் சொல்லுங்கள்.

முகிலன்_நெல்லை:

பெட்டர் சுண்ட்க்விஸ்ட் நடத்தி ஸ்வீடிஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த நாலு தட்டுகள் நாக்ஸோஸ் வெளியீடாக இருக்கின்றன, சிம்பொனிகள் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். பழைய கால வாத்தியங்களில் கேட்க விரும்பினால் கான்செர்டோ கோல்ன் குழுவின் பதிவுகள். அவர்களுடைய வாசிப்பில் ஓரங்கள் கூர்மையாக இருக்கும்.

முதலில் ‘ஒலிம்பி’ முன்னிசையைக் கேளுங்கள். வோல்டேரின் நாடகத்தைக் கெல்கிரன் ஸ்வீடிஷில் தழுவியபோது, 1792 ஜனவரி மேடைக்காக எழுதியது. சின்னது, ஆனால் திரை விலகுவதற்குள் யாரோ சாகப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்புறம் சி மைனர். துக்க சிம்பொனியை மூன்றாவதாக வையுங்கள், வேறு வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள்.

வயோலா_சுதா:

இரண்டுக்கும் நடுவில் ஈ மேஜர் பியானோ சொனாட்டாவையும் நுழையுங்கள். நாடகம், அரசவை எதுவும் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அந்த மனிதர் எப்படி யோசித்தார் என்று அதில் தெரியும்.

தாளகேசரி:

ஈ மேஜரைப் பார்த்தாவது முகிலன் ஐயா மொசார்ட் பக்கம் கொஞ்சம் இறங்கி வருவார் என்று எதிர்பார்க்கிறேன்.

முகிலன்_நெல்லை:

இறங்க மாட்டேன். அதில் எனக்குக் கேட்பது ஹைடனும் கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக்கும்தான். திடீரென்று நின்று, யோசித்து, வேறு சுருதியில் தொடங்கும் இடங்களைக் கவனியுங்கள். அதைப் பற்றித் தனி இழையே போடலாம். வார இறுதியில் தொடங்குகிறேன், சுதா நீங்களும் வாருங்கள்.